பாத்ரூமில் விழுந்ததாக ஒரு காகிதம்

என் இடது கணுக்கால் உடைந்தது பெங்களூரு இந்திராநகரில் ஒரு பப்பில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மட்டும் வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேஸ் இன்னும் நடக்கிறது. அது எப்படி முடியும் என்று என் வக்கீலுக்கே தெரியாது, எனக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம். மொட்டை மாடியில் மேஜை போட்டிருந்தார்கள். நல்ல வெயில். நான் ஒரு கிளாஸ் பியர் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவ உள்ளே போனேன். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருண்டுபோனது. அங்கே ஒரு படி இருந்தது. ஒரே ஒரு படி. மேலேயும் கறுப்புத் தரை, கீழேயும் அதே கறுப்புத் தரை. விளிம்பில் ஒரு பட்டை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. தரை இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தேன். இல்லை.

ஓடிவந்து தூக்கிய சர்வர் நல்ல மனிதர். "இங்கே எல்லோரும் விழுவார்கள் மேடம், பார்த்துப் போகணும்" என்று இந்தியில் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் தோழிதான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, "வீட்டு பாத்ரூம்ல" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தோழி என்னை முறைத்தாள்.

"ஏன்டி?"

"எங்கப்பா படிப்பாரு."

அதுதான் காரணம். என் அப்பா ஆரணியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார். வீட்டில் ஆளுக்கொரு மருத்துவ ஃபைல் வைத்திருக்கிறார். எனக்கு எட்டு வயதில் வந்த மஞ்சள் காமாலைச் சீட்டு கூட அதில் பத்திரமாக இருக்கிறது. கால் உடைந்தது என்றால் முதல் பஸ்ஸில் வருவார், வந்ததும் காகிதத்தைக் கேட்பார். அதில் பப் என்று இருந்தால் என் இன்னொரு காலும் போச்சு என்று நினைத்தேன். அப்பா என்னை அடித்ததே இல்லை. இருந்தாலும் பயம் பயம்தான். அன்று மாலை போனில் அவரிடமும் பாத்ரூம் என்றே சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார், கையில் சுருட்டிய ரப்பர் பாயோடு. பாத்ரூமில் போடுவதற்காம். ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டின் மாடியை நானும் தோழியும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் கட்டிலில் படுத்திருக்க, அப்பா ஒரு பிளம்பரைப் பிடித்துவந்து பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கம்பி பொருத்தினார். துளை போடும் சத்தம் என் மண்டையிலேயே போடுவதுபோல இருந்தது. அதோடு விட்டாரா? கீழே போய் வீட்டுக்காரரிடம் சண்டைக்கு நின்றார்.

"வாடகைக்கு வுட்டா தரை ஒழுங்கா இருக்க வேணாங்களா? வழவழன்னு இருக்குது. வயசுப் பொண்ணு, கால ஒடச்சிக்கிட்டு கெடக்குது."

வீட்டுக்காரர் மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் இருப்பவர், பேச்சில் பாதி கன்னடம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஹௌது சார், நீங்க சொல்றது சரி. நம்ம மனைல வுழுந்துச்சு, நம்ம பொறுப்பு தானே" என்றார். அடுத்த வாரமே ஆள் வைத்துத் தரையை உடைத்து, சொரசொரப்பான டைல்ஸ் போட்டார். எலும்பு கூடட்டும் என்று அவர் மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுக்கால் சூப் அனுப்பினார். அவமானத்துக்கு மிளகு போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விழாத இடத்துக்குச் சொந்தக்காரர் தரையை உடைத்துப் போட்டுவிட்டார். விழுந்த இடத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? படியில் ஒரு பட்டை ஒட்டுங்கள், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் மெயில் போட்டேன். வாடிக்கையாளர் மது அருந்தியிருந்தார், காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலிலேயே பலகை இருக்கிறது என்று பதில் வந்தது. மரியாதையாக, விரைவில் குணமடைய வாழ்த்தோடு. எனக்கு வந்த கோபத்துக்குக் கட்டோடு எழுந்து நடந்தே இந்திராநகர் போயிருப்பேன்.

அதற்குப் பதிலாக காக்ஸ் டவுனுக்கு ஆட்டோவில் போனேன். தோழிக்குத் தெரிந்த வக்கீல் அம்மா அங்கே இருந்தார். தேவாலயத்தை ஒட்டிய பழைய வீடு, முன்னறைதான் அலுவலகம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "போர்டு மாட்டிட்டா பொறுப்பு போயிடுமா? அவங்க விக்கிறதே பியர். வர்றவங்க குடிச்சிருப்பாங்கன்னு தெரிஞ்சுதானே கட்டணும் படிய" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டோம்.

அவர்கள் தரப்பு பதில் வந்தபோதுதான் விஷயம் கவிழ்ந்தது. இந்தப் பெண் எங்களிடம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் போனார், வீட்டில் போய் விழுந்திருக்கிறார், அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதமே சொல்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? நான்தான் அனுப்பினேன். செலவு கேட்ட மெயிலோடு இணைத்து நானே அனுப்பினேன், ஒரு வரி படிக்காமல். அப்பேர்ப்பட்ட அப்பாவுக்கு இப்பேர்ப்பட்ட பெண்.

கேமரா பதிவு அழிந்துவிட்டதாம். அந்த சர்வர் அவர்கள் ஆள், கூட வந்த மற்றவர்கள் கேஸ் என்றதும் ஒதுங்கிக்கொண்டார்கள். தோழி சாட்சி சொல்வாள், ஆனால் தோழிதானே என்பார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அப்பாவுக்கு பயந்து."

"அப்போ அத அப்பாதான் வந்து சொல்லணும். அன்னிக்கு அவர்கிட்டயும் பாத்ரூம்னு தானே சொன்னீங்க? அவர் அத அபிடவிட்டா, சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கட்டும். பெத்தவரே சொன்னா எடுபடும்."

என் காலின் மாதாந்திர செக்கப்புக்காக அப்பா வந்திருந்தார். ஹாலில் உட்கார்ந்து புது எக்ஸ்ரேயை ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வழியாகச் சொன்னேன்.

"அப்பா, நான் பாத்ரூம்ல வுழல."

"அப்போ ஹால்லியா?" என்று தரையைப் பார்த்தார். இங்கேயும் ஒரு பாய் போடவேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"இல்லப்பா. இந்திராநகர்ல. ஒரு பப்புல."

ஃபைலை மூடினார்.

"குடிச்சியா?"

"ஒரு கிளாஸ் பியர்."

சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அப்பா வீட்டுக்காரர் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். யார் முன்னாலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"எம்பொண்ணு இங்க வுழல சார். அன்னிக்கு உங்கள அநியாயமா பேசிட்டேன்."

"ஆய்த்து வுடுங்க சார். தரை எப்படியும் பழசு தான், மாத்த வேண்டியது தான்."

அதன்பின் மேலே வந்தார், பையை எடுத்தார், போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டுவார் என்று பயந்துதானே அத்தனை பொய்யும் சொன்னேன். திட்டாமல் போனதுதான் என்னை உலுக்கிவிட்டது. அன்று நான் அழுத அழுகையில் தோழி பயந்துபோய் கால்தான் மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மாதான் போனில் பேசுவாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவள் பழக்கம். பின்னால் டிவி சத்தமாக ஓடும், நான் கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் சத்தம் குறையும், முடித்ததும் கூடும். அந்த ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. அதற்காகவே வலியைக் கொஞ்சம் நீட்டி நீட்டிச் சொல்வேன்.

வக்கீல் கேட்டதை ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். அப்பா வந்து கையெழுத்துப் போடாவிட்டால் கேஸ் நிற்காது, அந்தப் படி அப்படியே இருக்கும், இன்னும் யார் யாரோ விழுவார்கள் என்றேன்.

"அவரு எங்கடி வரப்போறாரு. பப்புன்ற பேர வாயாலகூட சொல்றதில்ல. அந்த எடம், அந்த எடம்ன்றாரு" என்றாள். டிவி நின்றுவிட்டது. ஏதோ முணுமுணுப்பு கேட்டது. அம்மா திரும்பி வந்து, "எந்தத் தேதின்னு கேக்குறாரு" என்றாள்.

சொன்ன தேதியில் வேலூரில் பஸ் மாறி வந்து இறங்கினார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஜோகுபாளையத்திலிருந்து காக்ஸ் டவுன் வரை ஆட்டோ டிரைவரிடம் மட்டும் பேசினார். நான் ஏறி இறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ஒன்று, நான் மனுதாரரின் தகப்பன். இரண்டு, விபத்து நடந்த அன்று என் மகள் பாத்ரூமில் விழுந்ததாகப் போனில் சொன்னாள். மூன்று, அதை நம்பி அங்கே கம்பி பொருத்தினேன். நான்கு, வீட்டு உரிமையாளரிடம் வாக்குவாதம் செய்தேன். ஐந்து, பிறகு அவள் விழுந்த உண்மையான இடத்தை என்னிடம் சொன்னாள். ஆறு, என் மகள் எனக்குப் பயந்தே உண்மையை மறைத்தாள்.

"ஆறாவத இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றார் அப்பா.

வக்கீல் படித்தார். அப்பா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. ஊரெல்லாம் தெரிந்த மனிதர், தன் பெண் தன்னிடம் பயப்படுகிறாள் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட, யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது நான்.

"அது சரிதான். இருக்கட்டும்" என்றார். "ஏழாவது ஒண்ணு சேருங்க."

"சொல்லுங்க சார்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அலுவலகத்தில் பத்திரம் சொல்லும் அதே நிதானத்தில் சொன்னார். "அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு, அடுத்த பஸ் பிடித்து வந்திருப்பேன்."

வக்கீல் கை விசைப்பலகையில் நின்றது. "சார், இது கேஸுக்குத் தேவையில்லையே."

"எனக்குத் தேவைம்மா."

தட்டச்சு செய்தார். காகிதம் பிரிண்டரிலிருந்து வந்தது. அப்பா பின்பக்கம் வரை பார்த்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினார். "படி. தப்பா இருந்தா சொல்லு" என்றார், என்னைப் பார்த்து.

எழுத்து கலங்கித் தெரிந்தது. ஏழாவதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

"திட்டாமலே வந்திருக்க மாட்டீங்களாப்பா?" என்றேன்.

பேனாவைத் திறந்துகொண்டே கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

"மாட்டேன்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.