கடல் பாட்டு போடும் ஜசிந்தா

ஜசிந்தாவிடம் அடி வாங்காத ஆண்கள் எங்கள் பள்ளத்தாக்கில் குறைவு. பாக்குக் கடையில் வம்பு செய்த குடிகாரனுக்கு முக்காலியால் ஒரு பல் போனது. புருஷன் பியுஸின் நெற்றியில் மண்வெட்டிப் பிடி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அவனே அதைக் காட்டிச் சிரிப்பான்: "அவ குரலை ரேடியோவுல கேக்குறவன் குடுத்து வச்சவன். நேர்ல கேக்குறவன் நான்."

அப்படிப்பட்டவள் தினமும் பிற்பகலில் எங்கள் வட்டார வானொலியில் போட்டதெல்லாம் குழைவான பாட்டுகள். சின்னக் கிதார், படகு, நிலா, வலையில் துள்ளும் மீன். நாங்கள் மலைக்காரர்கள். பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, நம்ம ஊர்ல பன்னி இருக்கு, கிழங்கு இருக்கு. அதைப் பாடினவன் ஒருத்தன்கூடவா இல்ல?" என்று ஒருவர் போனில் கேட்டார்.

"பாடினவனெல்லாம் துப்பாக்கியோட திரியறான். நீ மூடிட்டு மீனைக் கேளு" என்றாள், நேரலையில்.

அந்த சிடிகள் அவள் தம்பி சோபாஸ் கொடுத்தவை. கடற்கரை நகரமான லேயின் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது வாங்கி வந்தான்.

அவள் உள்ளூர்ப் பாட்டுகளைத் தொடாததற்குக் காரணம் இருந்தது. யாமலி குலத்துக்கும் கோபெனா குலத்துக்கும் சண்டை. எதிரியைக் கொன்றவர்கள் மலைமுகட்டில் நின்று தங்கள் வெற்றிப் பாட்டைப் பாடுவார்கள். முகட்டில் பாடினால் அது அந்த இரு ஊர்களோடு போகும். வானொலியில் வந்துவிட்டால் செத்தவனின் குலம் முழுவதற்கும் அவமானம்; ஒதுங்கி நிற்கும் சொந்தக்காரர்களும் ஆயுதம் எடுத்தாக வேண்டும். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவன் நேயர் விருப்பம் என்று யோசிக்காமல் ஒன்றைப் போட்டான். சாயங்காலத்துக்குள் சந்தை எரிந்தது. அவனையும் அதிலேயே தள்ளினார்கள்.

ஜசிந்தா யாமலியில் பிறந்து கோபெனாவில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மகள்களும் கோபெனா ஊரில் இருந்தார்கள்.

ஒரு நாள் மதியச் செய்தி முடிந்ததும் கதவை உதைத்துக்கொண்டு மூன்று பேர் நுழைந்தார்கள். முன்னால் வந்தவன் அவள் கொழுந்தன் யங்காப். கையில் நாட்டுத் துப்பாக்கி, இடுப்பில் வெட்டுக்கத்தி. செய்தி எழுதிக்கொண்டிருந்த என் கழுத்தில் ஒருவன் கத்தியை வைத்துக் ஒலிபரப்பு அறைக் கண்ணாடியோரம் நிறுத்தினான். உள்ளே நடந்ததெல்லாம் ஸ்பீக்கர் வழியே எனக்குக் கேட்டது.

"அண்ணி, காலையில ஒருத்தனைச் சாய்ச்சுட்டோம். நம்ம பாட்டைப் போடு" என்று யங்காப் ஒரு சிடியை மேசையில் வைத்தான்.

"யாரை?"

"யாமலிக்காரன். ஆத்தோரம் கிழங்கு மூட்டையோட போனான். பொணத்தைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

ஜசிந்தா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளில் தொங்கிய பின்னல் பையைப் பார்த்தாள். அதன் அடியில் நீல நூலில் ஒரு மீன். எங்கள் ஊரில் பையில் மீன் பின்னுகிறவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் பையோடு அவள் முன்னால் வந்து நிற்கலாம் என்று அவன் நினைத்ததுதான் தப்பு. பரிசமாகப் பன்றிகளைக் கொடுத்துக் கட்டியாயிற்று, இனி இவள் கோபெனாக்காரி என்பது எங்கள் ஆண்கள் எல்லோருடைய கணக்கும்.

"அது சோபாஸ் பைடா" என்றாள்.

"சண்டையில பையெல்லாம் பாக்க முடியுமா? நீ இப்ப எங்க ஆளு. போடு."

"போடலைன்னா?"

அவன் துப்பாக்கி முனையை அவள் காதில் அழுத்தினான். ஜசிந்தா சிடியை எடுத்தாள். கீழே போட்டு மிதித்தாள். இடது கையால் மைக் விசையை மேலே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அது சாவு அழுகை. உடன்பிறந்தவள்தான் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் இறந்தவனுக்குக் காரியம் முடியும்வரை இரு பக்கமும் ஆயுதம் தூக்கக் கூடாது. மீறினவனோடு அவன் குலத்தானே சேர்ந்து நிற்க மாட்டான். "என் சோபாஸே, படகு பாக்கப் போனவனே" என்று அவள் இழுத்தது பள்ளத்தாக்கு முழுக்கப் போனது.

"நிறுத்துடி! கையை எடு!"

எடுக்கவில்லை. யங்காப் கத்தியை உருவி அந்தக் கையை மேசையோடு சேர்த்து வெட்டினான். மூன்று விரல்கள் தரையில் விழுந்தன. கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. விசை மேலேயே நின்றது. அவள் அலறலும் அழுகையும் ஒன்றாகி, அதுவும் ஒலிபரப்பானது.

என் கழுத்தைப் பிடித்திருந்தவன் கத்தியைத் தளர்த்தினான். "யங்காப், ஆரம்பிச்சுட்டாடா. ஊரே கேட்டிருக்கும். வா, போயிடலாம்" என்று கத்தினான். போகும்போது யங்காப் துப்பாக்கிக் கட்டையால் அவள் முகத்தில் இடித்துவிட்டுப் போனான்.

அந்நேரம் யாமலி ஆட்கள் மண்ணெண்ணெய் கேன்களோடு பாலத்தில் இருந்தார்கள். பாலம் தாண்டினால் கோபெனா ஊர். ஒருவன் தோளில் ரேடியோ. அழுகை வந்ததும் மண்ணெண்ணெயை ஆற்றில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து துக்கத்துக்காக முகத்தில் சேறு பூசிக்கொண்டார்கள். சாயங்காலம் பியுஸ் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவர்களை யாரும் தொடவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த அந்த நாட்களில் இரு குலப் பெரியவர்களும் சமாதானப் பேச்சைத் தொடங்கினார்கள். யங்காப்பை அவன் குலமே போலீஸில் ஒப்படைத்தது.

கட்டுப் போட்ட கையோடு ஜசிந்தா வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் சித்தப்பா கெபானே யாமலி ஆட்களோடு வந்தார். ஒரு சிடியை நீட்டினார்.

"மகளே, நீ எங்க ரத்தம்னு காட்டிட்ட. இது நம்ம பாட்டு. ஒரு தடவை போடு. அந்த நாய்ங்க கேக்கட்டும்."

ஜசிந்தா ஒற்றைக் கையால் டீக் குவளையை எடுத்தாள். குடிக்கத்தான் என்று நினைத்தேன். சூடான டீ அத்தனையும் சித்தப்பா மார்பில் விழுந்தது.

"எம் பொண்ணுங்க ரெண்டும் அந்த நாய்ங்கதான். வெளிய போ."

கெபானே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்தார். உள்ளே சின்னக் கிதார் தொடங்கியது. படகு, நிலா, வலை. கடைசிவரை கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏம்பா, இதுல மீனைத் தவிர ஒண்ணுமே வராதா?"