குகைக்குள் குடியிருந்தவை

எங்கள் வீட்டில் கரப்பான் உண்டா என்று டாக்டர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வில்லியனூரில் ஒரு சின்ன கிளினிக். மடியில் ஆறு வயது மகள் மூச்சு இழுக்க இழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா டாக்டர் இப்டி கேட்டுட்டீங்க? தெனம் ரெண்டு வேள தொடைக்கிற வூடு அது."

அவர் அசரவில்லை. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, தேடிப் பாருங்கள் என்று சொல்லி மருந்து எழுதினார். டிசம்பர் வந்தால் இவளுக்கு இழுப்பு வரும். பனிதான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டி, ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்துவது வழக்கம். கெட்டிக்காரத்தனம்!

வீட்டுக்கு வந்ததும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். குளியலறைச் சாக்கடை மூடியைத் தூக்கினால் செம்பழுப்பில் ஒரு தடியன். ஈரத்தில் கிடந்துவிட்டு முகத்துக்கு நேரே பறந்து வருகிற சனியன் அதுதான். பிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் இன்னொரு சாதி: பொடிசு, கழுத்துப்புறம் இரண்டு கறுப்புக் கோடு. ஒருத்தி முட்டைப் பையை வாலில் ஏந்திக்கொண்டே ஓடினாள். அந்தச் சுமையோடு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பாவி மனசு, துடைப்பத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டேன். அப்புறம் அடித்தேன்.

இரண்டையும் ஒழித்தாகிவிட்டது. ஆனால் இழுப்பு நிற்கவில்லை. மருந்து கொடுத்தால் அடங்கும், கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் பக்கம் உட்கார்ந்தால் மறுபடி தொடங்கும்.

பாலனைக் கிடத்தும் அந்தக் குடிலின் குகை நாங்களே செய்தது. பழுப்புத் தாளைக் கசக்கி, மைதா பசை காய்ச்சித் தடவி, பாறை மாதிரி மடித்தது. ஒவ்வொரு வருடமும் திருநாள் முடிந்ததும் பழைய புடவையில் சுற்றி லாஃப்டில் ஏற்றுவோம், டிசம்பரில் இறக்குவோம். மகள் பாயைப் போட்டு அதன் பக்கத்திலேயே படுப்பாள். அன்று காலை அவள் ஆட்டுப் பொம்மைகளை அடுக்கும்போது, "அம்மா, இங்க பாரேன், ஆட்டுப் புழுக்க!" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தாள் மடிப்பில் ஒட்டிக்கிடந்தவை புழுக்கை இல்லை, முட்டைக் கூடுகள். மடிப்பை விரித்தால் இறக்கையில் வெளிறிய பட்டை போட்ட சின்னக் கரப்பான்கள் சிதறி ஓடின. இது மூன்றாவது சாதி. தண்ணீர்ப் பக்கம் வராதாம், உயரத்தில் உலர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறி, முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடுமாம். நான் தரையைத் தேய்த்துத் தேய்த்துச் சாக, தலைக்கு மேலே எங்கள் மைதாவைத் தின்று அவை சொகுசாக வாழ்ந்திருக்கின்றன.

திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் குகையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் பிறந்த வருடம் அவர் கையால் மடித்தது.

"கொளுத்திடலாம்பா," என்றது மகள்தான்.

"அப்ப பாலன எங்கடி வைக்கிறது?" என்றார் அவர்.

"எவர்சில்வர் தாம்பாளத்துல. கழுவிக் கழுவி வெக்கலாம். இதுல படுத்தா அவருக்கும் இழுக்குமே, பாவம்."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொல்லையில் குகை எரிந்தது. லாஃப்டைக் காலி பண்ணி, மூலைமுடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்தோம்.

அது போன வருடம். இந்த டிசம்பரில் பனி கொஞ்சமும் குறையவில்லை. ஒரு காலையில் தூங்கிக்கொண்டிருந்தவளின் நெஞ்சில் காதை வைத்தேன். கண் விழித்துவிட்டாள்.

"இன்னாம்மா கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலடி, தங்கம்," என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.