டீச்சருக்குத் திருத்தும் உரிமை

நூம்பலில் எங்கள் வீட்டு நெட் இணைப்பைப் பார்க்க வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வார்.

கால் முறிந்து மாடியில் படுத்திருந்த என் மனைவி, பத்து மணிக்கு லேப்டாப்பில் வகுப்பெடுக்க வேண்டும். பாடங்களோ கீழே ஹால் கம்ப்யூட்டரில் இருந்தன. மாடியிலிருந்து அவள் அவற்றைத் திறக்கப் பார்த்தபோதெல்லாம் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது.

“இன்னா நைனா, டீச்சரையே உட மாட்டியா?” என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். பிறகு என்னிடம், “அவங்க பேர்ல அக்கவுண்டே இல்ல அண்ணாத்தே” என்று புதிதாக ஒன்றை உருவாக்கினார். “ஃபைலைப் படிக்க மட்டும் உடவா, திருத்தவும் உடவா?”

“படிச்சாப் போதும்.”

“டீச்சராச்சே, திருத்தாம எப்டி?” என்று இரண்டுக்கும் அனுமதி கொடுத்தார்.

“திறந்துடுச்சு!” என்று மாடியிலிருந்து மனைவி கத்தினாள். அவர் துள்ளி எழுந்து கைதட்டினார். நான் படியேறி ஓடினேன்.

அவளுக்குத் திருத்தும் உரிமையும் வேண்டும் என்று, அவளை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை?