ரேடியோ அடாப்டரும் லூர்துவின் கீபோர்டும்

போன மாதம் கோலாலம்பூரில் இருக்கும் என் மகளிடமிருந்து ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு கீபோர்டு. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான் கனம். "விரல் மரத்துப் போகுதுன்னு சொன்னீங்கல்ல. தெனம் அரை மணி நேரம் வாசிங்கப்பா" என்று போனில் உத்தரவு போட்டாள்.

பெட்டியைத் திறந்ததும் வெள்ளை நுரை அட்டையின் வாசனை வந்தது. புதிய மின்சாதனங்களுக்கென்றே ஒரு வாசனை உண்டு, கவனித்திருப்பீர்கள். கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் தூசி, கொஞ்சம் கடை. கூடவே ஒரு கையேடு. முதல் நான்கு பக்கமும் 'செய்யாதீர்கள்' மயம். நான் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். "சோதனையைத் தொடங்கும் முன் குறிப்பை முழுக்கப் படி" என்று எத்தனை பிள்ளைகளை விரட்டியிருப்பேன்! ஆனால் ஒரு சாமானின் கையேட்டை நான் முழுக்கப் படித்தது இதுதான் முதல் முறை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

படித்தபடியே செய்தேன். ஸ்டாண்டின் கால்களை விரித்துத் திருகை இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஒயர் ஆள் நடக்கிற வழியில் கிடக்கக்கூடாதாம், சுவரோரமாக விட்டேன். சுவிட்சைத் தட்டுமுன் வால்யூமைக் குறைக்க வேண்டும். கழற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. இடி இடித்தால் கழற்றியே விட வேண்டும். மேலே பூச்சாடியோ தண்ணீரோ வைக்கக்கூடாது என்ற வரியை நான் உரக்கப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி தன் கோப்பிக் கோப்பையைக் கீபோர்டின் மேல் வைத்தாள். "என்னா, பள்ளிக்கூடம் மறுபடியும் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. 'இதனுடன் கொடுக்கப்பட்ட அடாப்டரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.'

நாற்பது வருடம் ஆகப்போகிறது. அப்போது எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு நான்தான் வாத்தியக்காரன். காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம். ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் மூச்சு வாங்கும். நடுவில் இரண்டு கட்டைகள் ஊமை. அந்தச் சுரங்கள் வரும் இடத்தில் நான் இருமுவேன். பாடகர் குழுவில் எல்லாருக்கும் அந்த இருமல் பாடம்; சிலர் சரியாக அதற்கப்புறம் எடுப்பார்கள். அப்படியே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் போகும்போது தங்கள் கீபோர்டைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பங்கில் யாரும் அதுவரை கண்டிராத சாமான். நான் தொட்டுப் பார்த்தேன். என் கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது, மிதிக்க ஒன்றும் இல்லை. கால் சும்மா இருந்தால் என் கைக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்த லூர்து மேரி, "நான் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். இரண்டு வாரத்தில் மொத்தப் பூசையும் வாசித்தாள். இருமல் இல்லாமல்.

லூர்துவுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வீடு எங்கள் தீவுக்கு அக்கரையில் பாகான் டாலாம், வேலையும் அக்கரையில்தான், புக்கிட் தெங்காவில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரி. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பலகைகளில் சின்னச் சின்ன பாகங்களைப் பற்றவைக்கிற வேலை. சனிக்கிழமை அரை ஷிஃப்டு முடித்து, ஃபேரி பிடித்து, படகுத்துறைக் கடையில் தே ஐஸ் தப்பாவ் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவாள். ஐஸ் போட்ட தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருக்கிக் கயிறு கட்டிக் கொடுப்பார்களே, அது. வந்ததும் அதைச் சன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு உறிஞ்சல் என்று குடிப்பாள். சன்னல் கொக்கியில்தான். கீபோர்டின் அருகே ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கீபோர்டோடு வந்த கையேட்டை அவள்தான் அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். ஒருநாள், "சார், இங்க ஒரு வட்டம் போட்டு பிளஸ் மைனஸ் போட்டிருக்கான். என்னா அது?" என்று கேட்டாள். விடுவேனா? கரும்பலகை இல்லாத குறை, கால் மணி நேரம் விளக்கினேன். அடாப்டரின் முனையில் நடுத்துளைக்கு ஒரு துருவம், வெளி வளையத்துக்கு ஒரு துருவம். இந்தக் கீபோர்டுக்கு நடுவில் மைனஸ். மற்றச் சாமான்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். மாற்றிச் சொருகினால் போச்சு. அவள் அன்றே அடாப்டரின் முனையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். பயிற்சி முடிந்ததும் அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். "இங்க வெச்சா ஆளாளுக்கு நோண்டிக் கலந்துகட்டி ரோசாக் ஆக்கிருவாங்க சார். அப்புறம் பாட்டுக்கு எங்க போறது?"

பொறாமை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு மரியாதையான ஆளாக இருந்தேன். பொறாமைதான். ஒருவருக்கும் தெரியாமல் பழகி, ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. அதனால் ஒரு சனிக்கிழமை, பயிற்சி நடக்கும் கோயில் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். கையில் எங்கள் வீட்டு ரேடியோவின் அடாப்டர். முனை அழகாகப் பொருந்தியது. பொருந்திவிட்டால் சரி என்று நினைக்கிறவனை என் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். சுவிட்சைத் தட்டினேன்.

'டக்' என்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. மீனைக் கருக்கியதுபோல், அதில் கொஞ்சம் மருந்து கலந்ததுபோல். ரேடியோவுக்கு நடுவில் பிளஸ். கால் மணி நேரம் விளக்கியவன் நான்தான்.

அடாப்டரைப் பிடுங்கிக் காற்சட்டைப் பையில் திணித்தேன். கீபோர்டின் துணி உறையை இழுத்து மூடினேன். தெருமுனைக் கடையில் போய் ஒரு கோப்பி குடித்தேன். பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதமாகவே வந்தேன். நான் தாமதமாக வந்தது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

லூர்து உறையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த அடாப்டர் சொருகியிருந்தது. விளக்கு எரியவில்லை. சுற்றிலும் குழு. கோயில் கமிட்டித் தலைவர் சவரிமுத்து அண்ணனும் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயம் கெட்டால் ஐந்து நிமிடத்தில் ஆள் கிடைத்தாக வேண்டும் அவருக்கு. அவர் கண் சன்னல் பக்கம் போயிற்று. தே ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இத மாட்டி வெச்சுக்கிட்டா வாசிப்பே? தண்ணி சொட்டாம என்னா செய்யும்லா?"

"அது சன்னல்ல இருக்குண்ணே. கீபோர்டு இங்க இருக்கு. தண்ணி பறந்தா வரும்?"

யாரோ சிரித்தார்கள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சயின்ஸ் வாத்தியாரு. என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் குனிந்தேன். இரண்டு கட்டைகளை அழுத்தினேன். திருப்பிப் பார்த்தேன். டாக்டர் மாதிரி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"ஈரம் பட்டிருக்கலாம்" என்றேன்.

இரண்டே சொல். பொய் என்றுகூடச் சொல்ல முடியாத மாதிரி ஒரு 'லாம்' வேறு.

லூர்து என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம், "மூடியக் கழட்டுனா தெரிஞ்சிரும்ணே. நான் ஃபேக்டரில தெனம் செய்ற வேலதான். ஒரு ஸ்க்ரூட்ரைவர் குடுங்க" என்றாள். அவளால் முடியும். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். அதனாலேயே நான் முந்திக்கொண்டேன்: "வேணாம், கரண்ட் சாமான். தெரிஞ்சவங்க பாக்கட்டும்." கரண்ட் சாமானை அந்த மண்டபத்தில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அதற்கப்புறம் கீபோர்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. லூர்து இன்னும் ஒரு ஞாயிறு வந்து பின்வரிசையில் நின்றாள். அடுத்த வாரம் வரவில்லை. ஆர்மோனியத்தைத் தூசி தட்டி மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். நானும் மறுபடி இருமினேன். "சார் வாசிச்சாத்தான் பழைய களை" என்று சொன்னவர்களும் உண்டு. நான் தலையாட்டிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். வேறு வேறு வருடங்களில், மூன்று சாமியார்களிடம். மன்னிப்புக் கொடுத்த கையோடு மூவருமே, "அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். அதனால்தான் மூன்று சாமியார்.

இந்த முறை கையேட்டை மூடி வைத்துவிட்டுக் கீபோர்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். பெட்டியில் போட்டுக் கயிறு கட்டினேன். லூர்து பாகான் டாலாமில்தான் இருக்கிறாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். தெரியாமலிருந்தால் வசதியாக இருந்திருக்கும். படகில் பட்டர்வொர்த் போய் டாக்சி பிடித்தேன்.

கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "சார்! பொட்டியும் கையுமா... பாத்திரம் விக்கவா வந்தீங்க?"

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "லூர்து, அன்னைக்கு அந்தக் கீபோர்ட கெடுத்தது நான். எங்க வீட்டு ரேடியோ அடாப்டரச் சொருகிட்டேன்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "தெரியும் சார்."

"தெரியுமா?"

"உறையத் தூக்குனதுமே வாசம் வந்திச்சு. தே வாசமா அது? ஃபேக்டரி லைன்ல எத்தன தடவ மோந்திருக்கேன். நடுவுல மைனஸ், நடுவுல பிளஸ்னு கால் மணி நேரம் பாடம் எடுத்தவரு நீங்க. நீங்களா இருக்காதுன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் உங்க மொகத்தப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்." கரண்டியை மேசைமேல் வைத்தாள். "ஒரு ஞாயித்துக்கெழம வந்து நின்னேன்லா? அதுக்குத்தான் வந்தேன். அப்புறம் சனிக்கெழம ஓவர்டைம் போட்டுட்டாங்க."

நான் பெட்டிக் கயிற்றின் முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். "சரி, தொறங்க. அப்புடியே பாத்துக்கிட்டு நிக்கவா தூக்கிட்டு வந்தீங்க?"

சாப்பாட்டு மேசையில் வைத்தோம். மேசையை ஆட்டிப் பார்த்து, ஒரு காலுக்கடியில் மடித்த நாளிதழைச் செருகினாள். எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை அலமாரி மேல் கொண்டுபோய் வைத்தாள். "குடிக்கணும்னா எந்திரிச்சுப் போய்க் குடிங்க." பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடாப்டரை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நடுவுல என்னா சார்?"

"பிளஸ்."

"கீபோர்டுல?"

"பிளஸ்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூணு தடவ."

"ம். வாத்தியாரு பாஸ்." வால்யூமைத் தணித்துவிட்டு அவளே சுவிட்சைத் தட்டினாள்.

பூசைத் தொடக்கத்தில் பாடும் வருகைப் பாட்டு ஒன்றை எடுத்தாள். வலது கை முதல் வரியைத் தேடிக் கண்டுபிடித்தது. இரண்டாவது வரியில் வேகம் வந்தது. ஒரே ஒரு பிழை, அதற்கும் சிரித்தாள். இடது கை கட்டைகளுக்கு மேலே நின்றது. இறங்க இடம் தெரியாமல் நின்றது. ஒருமுறை இறங்கிப் பார்த்தாள், தப்பு. மறுபடியும், தப்பு. "இது எங்க சார் போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கப்புறம் ஒருநாளும் எங்கேயும் வாசிக்கவில்லையாம். கீபோர்டு இருக்கிற இடத்துக்கு அவள் போகவில்லை. போகிற இடத்தில் கீபோர்டு இல்லை.

கீபோர்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் போனில் "வாசிச்சீங்களாப்பா?" என்று கேட்கிறாள். "வாசிப்பு நடக்குது" என்கிறேன். அந்த 'லாம்' பழக்கம் முழுக்கப் போகவில்லை, பார்த்தீர்களா? இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

திரும்பும்போது படகில் கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கார்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன பெரிய ஃபேரிகள் இப்போது இல்லை. அவற்றின் மேல்தட்டில் நின்று குரல் பழகிய எங்கள் குழுவில் பாதிப்பேர் இல்லை. சவரிமுத்து அண்ணன் இல்லை. தமிழ்ப் பூசையில் சில வாரம் பாட்டு யாரோ ஒருவருடைய கைப்பேசியிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் காலம் போன போக்கு என்று ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு சுகம்கூட இருக்கிறது. லூர்துவின் இடது கையை மட்டும் காலத்தின் மேல் போட முடியவில்லை.