மூன்று ஆச்சரியக்குறி

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவரின் அறையில், டிவி திரையின் அடியில் ஓடும் அறிவிப்புகளை அடிப்பவர் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, சிரிக்காத முகம். எதை அடித்தாலும் முடிவில் மூன்று ஆச்சரியக்குறி போடுவார். பிறந்தநாள் வாழ்த்துக்கும் மூன்று, நாளை மின்தடை என்பதற்கும் மூன்று.

அப்பா இறந்த காலையில் அவரிடம் சேதி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். டீக்கடை டிவியில் சிறுவர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முயல் ஒன்று குதித்துக் குதித்து ஆடியது. அதன் காலடியில் அப்பாவின் பெயர், பிறகு "காலமானார்!!!"

திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். அவர் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரியவங்க யாரு சார் கீழ ஓடறத பாக்கறாங்க? புள்ளைங்கதான் எழுத்துக்கூட்டிப் படிச்சி அம்மாவாண்ட போயி சொல்லும். அதான் பாட்டு ஓடசொல்லோ போடறேன்."

"சாவுக்கு எதுக்குய்யா ஆச்சரியக்குறி?"

"அது இல்லாங்காட்டி மனசுக்குள்ளயே படிச்சிக்கும் சார்."

வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. அம்மா மட்டும் காலையிலிருந்து அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு உள்ளே வந்தாள். அந்தக் குழந்தை அப்பாவின் உடலைப் பார்த்ததும், டிவியில் படித்ததை அப்படியே உரக்கச் சொன்னது. மூன்று ஆச்சரியக்குறியும் காதில் விழுந்தன.

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அலறினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவரிடமே சேதி கொடுத்தேன். பாட்டு நேரத்திலேயே போடச் சொன்னேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை.