ஒரு சொட்டு ஆயில்

வண்டிப்பாதையின் குறுக்கே காரை நிறுத்திவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். குழாய்க் கம்பெனியின் பொக்லைன் எங்கள் வயலில் இறங்க அந்த ஒரு பாதைதான் உண்டு. குத்தாலம் பக்கத்தில் உளுந்து பிடுங்கி வயல் காலியாகக் கிடக்கிற நேரம் பார்த்துத்தான் எரிவாயுக் குழாய் பதிக்க வருவார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது எங்களோடு சேற்றில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள், ஆட்சிக்கு வந்ததும் போனை எடுப்பதில்லை. அந்தக் கட்சி, இந்தக் கட்சி இரண்டையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஊர்ப் பெண்கள் கொஞ்சம் பேரும் என் பழைய டீசல் காரும்தான்.

கம்பெனி சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து இறங்கினார். வயலைக் காட்டி நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என் காருக்கு அடியில் போனது. அங்கே கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, குழாய் போட்டா கசிஞ்சு மண்ணு கெட்டுடும்னு கத்துறீங்க. ஒங்க காரே வயக்கரையில ஆயில ஊத்திக்கிட்டு நிக்கிது. மொதல்ல அதப் பாருங்க."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொழுது சாய்ந்துவிட்டதால், திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "திங்கக்கெழம கார எடுக்காத, நடந்தே போயிடு" என்றார்.

"அதே காரு அதே எடத்துல நிக்கும். ஒரு சொட்டு விழாது, பாருங்க" என்றேன்.

மறுநாள் காலையில் கும்பகோணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பழக்கமான மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, அடிமுதல் நுனிவரை ஆயிலில் குளித்திருந்தது.

"டர்போ போயிடுச்சுக்கா. மாத்திடுவோம்."

"நனைஞ்சிருந்தா அதுதான் ஒழுவுதுன்னு அர்த்தமா? மழையில நனைஞ்சவன் மேகமா?"

அவர் சிரித்தார். கோபித்துக்கொள்ளாத மனிதர். இருவருமாக அந்த இடம் முழுவதையும் டீசலால் கழுவித் துடைத்துக் காயவைத்தோம். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை டர்போ மேலும் அதைச் சுற்றியுள்ள குழாய்கள் மேலும் தூவினார். ஒழுகும் இடத்தில் பவுடர் முதலில் ஈரமாகும் என்றார். சுவாமிமலை வரை போய்த் திரும்பி, இன்ஜின் சற்று ஆறியதும் பானெட்டைத் திறந்தோம்.

டர்போவின் உடம்பில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. அதற்கு மேலே, காற்று உள்ளே வரும் ரப்பர் குழாயின் இணைப்பில் மட்டும் கறுத்திருந்தது. அங்கிருந்துதான் வழிந்து இத்தனை நாளும் டர்போவுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. குழாயைக் கழற்றி, டர்போவுக்கு உள்ளே இருந்த சக்கரத்தை மெக்கானிக் விரலால் அசைத்துப் பார்த்தார். ஆட்டமே இல்லை. "நல்லாத்தான் இருக்குக்கா" என்றவர், கடைசியாக ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே உளுந்துப் பொட்டு. காய்ந்த தோலும் தூசியும் அடைஅடையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை மிதிக்க விடுவார்கள். நான் அதற்குக்கூடக் காத்திருக்காமல் என் காரையே மேலும் கீழுமாக ஓட்டி அடித்திருந்தேன். வெட்கமெல்லாம் இல்லை. கார் என்னுடையது, உளுந்தும் என்னுடையது. காற்று வரும் வழி அடைத்துப்போனதால், டர்போ மூச்சுக்குத் திணறி இன்ஜினிலிருந்து ஆயில் ஆவியைச் சேர்த்து இழுத்திருக்கிறது. அது குழாயில் தேங்கி, தளர்ந்துபோன கிளிப் வழியாக வெளியே வந்திருக்கிறது. புது ஃபில்டர், புது கிளிப், குழாய்களைச் சுத்தம் செய்தது, அவ்வளவுதான் வேலை.

திங்கட்கிழமை அதே இடத்தில் காரை நிறுத்தினேன். தேவாலயத்தில் திருவிருந்து வாங்கப் போகும்போது கட்டும் என் வெள்ளைப் புடவையை மடித்துக் காருக்கு அடியில் விரித்தேன். இன்ஜினை அணைக்கவில்லை. கணவர் பதறினார். "கறை பட்டா போவாது."

"படாது."

சூப்பர்வைசர் வந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். புடவை வெள்ளையாகவே கிடந்தது.

"காரப் பத்திப் பேசி முடிச்சாச்சுங்க. இனிமே வயலப் பத்திப் பேசுங்க" என்றேன்.

அவர் ஜீப்பிலிருந்து வரைபடத்தை எடுத்துவந்து என் பானெட்டின் மேல் விரித்தார். அதுவரை அந்தப் படத்தை எங்களில் ஒருவர் கண்ணிலும் காட்டியதில்லை. எங்கள் வயலின் நட்டநடுவில் சிவப்புக் கோடு ஓடியது. பக்கத்திலேயே அரசாங்க ரோடு, அதன் ஓரம் முழுக்கப் புறம்போக்கு.

"இம்மாம் எடம் சும்மா கெடக்கையில எங்க வயல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை கார் இங்கேதான் நிற்கும் என்றேன். அந்த வாரம் முழுக்க நின்றது. கடைசியில் குழாயை ரோட்டோரமாகவே கொண்டுபோனார்கள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை. உளுந்து வருஷா வருஷம் வருகிறது, காரை விட்டுத்தான் அடிக்கிறேன்.