பள்ளத்துக்கு மேலே ஒரு பாவு

"யாருமா இங்க இன்ஜினியரு?"

பிள்ளையார்பாளையத்தில் பாதாளச் சாக்கடை வேலை. தெரு நடுவில் நீளமாகப் பள்ளம் எடுத்துவிட்டு ஜேசிபி போய்விட்டது. மறுநாள் பைப் இறக்க வேண்டும். அந்த வார்டு என் கைக்கு வந்து ஒரு வாரம்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், தலைக்குள் கொஞ்சம் கனம்.

"நான்தான்."

கேட்டவர் சரளா. எதிர்வீட்டு நெசவாளி. "நாளைக்குக் காலையில இங்க பாவு விரிக்கணும். நீங்க வீதியையே பொளந்து வச்சிருக்கீங்க!"

சேலையின் நீள இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். இத்தனை காலம் கூலிக்கு நெய்தவர், இப்போதுதான் சொந்தத் தறி போட்டிருக்கிறார். இது அதன் முதல் பாவு. கெட்டால் பட்டும் போகும், தறியும் சும்மா நிற்கும்.

"ஒரு வாரம் தள்ளி வைங்களேன்."

"கல்யாணச் சேலைமா. முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?"

தெருவே சிரித்தது. நான் வானத்தைப் பார்த்தேன். மேகம். பள்ளத்தைத் திறந்தே வைத்தால் மழையில் மண் சரிந்து வீட்டுப் படிகளையும் இழுத்துக்கொள்ளும். மூடிவிட்டால், மறுபடி தோண்ட ஐயம்பேட்டைப் பக்கம் போன ஜேசிபி எப்போது திரும்புமோ.

"சாக்கடை வேணாம்னு சொல்லலமா. கொசு எங்களைத்தான் கடிக்குது. பாவும் வேணும்," என்றார் சரளா.

பள்ளத்துக்குள்ளிருந்து பைப் ஃபிட்டர் அப்துல் பாய் தலையை நீட்டினார். "ஏம்மா, பாவு எங்க வரும்?"

"நடுவுல."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"ரெண்டு பக்கமும். பாவு மேலயா நடப்பாங்க பாய்?"

"அப்ப நாங்க அடியில பைப் போட்டுக்கினு இருக்கோம். யாரை யாரு மிதிக்கப் போறோம்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சரளா சிரிக்கவில்லை. நான் டேப்பை எடுத்து அளந்தேன். பாவின் அகலத்தைவிடப் பள்ளம் குறுகல்.

"தூசி வந்தா?" என்றார் சரளா.

"பைப்பை இன்னிக்கே இறக்கிடறோம். நாளைக்குத் தோண்டல் இல்ல, ஜாயின்ட் மட்டும்தான். மண்ணுக்குத் தண்ணி அடிச்சுடறேன்," என்றேன்.

"உங்க ஆளுங்க பீடி?"

"அது என் பொறுப்பு."

அன்று மாலை மண்மேட்டைத் தெருவே கூடை கூடையாக ஓரம் கட்டியது.

விடிந்தபோது பள்ளத்துக்கு மேலே அரக்கு நிறத்தில் ஓர் ஆறு. இரு கரையிலும் கஞ்சி தோய்ந்த கைகள். ஆற்றுக்கு அடியில் நாங்கள், பைப்போடு. வெயில் இழை இழையாக இறங்கி எங்கள் சட்டைகளைச் சிவக்க வைத்தது. "மேடம், இப்படி ஒரு பந்தல் நம்ம ஆபீசுல கூட கெடையாது," என்றார் பாய்.

கடைசி ஜாயின்ட் பிடிக்கும் நேரம் மேலே யாரோ கத்தினார்கள். "மழை!"

காய்ந்த பாவு நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் மேலே தாவினார்கள்.

"சேத்துக் கையோட தொடாதீங்கபா!" சரளா அலறினார். நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன.

சிமென்ட் மூட்டைகள் மேல் கிடந்த தார்ப்பாய்கள் என் கண்ணில் பட்டன. இழுத்து வந்து தலைக்கு மேல் பிடித்தோம். அதன் அடியில் சரளாவும் தெருக்காரர்களும் பாவைச் சுருட்டச் சுருட்ட, கூடவே நாங்களும் நகர்ந்தோம். நனைந்தது நாங்கள்தான். ஜாயின்ட்டை விட முடியாமல் பள்ளத்தில் நின்ற பாய், "என்னையும் யாராச்சும் சுருட்டிக்கினு போங்கபா!" என்றார்.

பாவு தப்பியது. ஜாயின்ட்டும் நின்றது. மாலைக்குள் பள்ளத்தை மூடினோம்.

எங்கள் குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டிராயிங்கை விரிக்குமுன் ஒரு விடிகாலை அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். நமக்கு அது ரோடு; அங்கே யாருக்கோ அது பட்டறை. நாம் பைப் புதைக்கும் இடத்துக்கு மேலேதான் ஊர் சம்பாதிக்கிறது.

போன வாரம் சரளா போன் செய்தார். "ரெண்டாவது தறி போட்டாச்சு மேடம். எங்க வீதிக்கு ரோடு எப்ப போடுவீங்க?"

"அடுத்த வாரம்மா."

"சரி. ஆனா காலையில வந்துடாதீங்க."